ஆவாரை வளர்ப்போம்: செடி முதல் அடுப்பங்கரை வரை சில பயனுள்ள குறிப்புகள்

வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று ஆனபிறகு ஆவாரம்பூவுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக, இயற்கை அங்காடியில் தேநீர்ப் பொட்டலமாக, அழகுப்பொருள் கடையில் முகப்பூச்சாக விற்கிறது. மானாவாரிக் காட்டிலும் பொட்டல் வெளியிலும் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிற செடி இது. காசு கொடுத்து வாங்குவதைவிட வீட்டோரம் ஒன்றை வளர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செலவு மிச்சம் என்பது அதற்கு இரண்டாவது காரணம்தான். எங்கே பறித்தது, என்ன தெளித்தது, எப்போது காய்ந்தது என்று தெரிந்த பூவைத்தான் வயிற்றுக்குள் விட வேண்டும் என்பது முதல் காரணம்.

1. வளர்க்கும் முன் செடியைச் சரியாக அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் பூ பூப்பதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. ஆவாரை ஆள் உயரமோ சற்று அதிகமோ வளரும் புதர்ச்செடி. ஒரு காம்பில் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையின் நுனி கூராக நீளாமல் மழுங்கி, நடுவில் மயிரளவு முள் நீட்டிக்கொண்டிருக்கும். காய் தட்டையாக, காகிதம்போல் மெல்லியதாக, விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்துத் தெரியும். இவை எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் வடிவில் அகலமான இரண்டு இலைச்செதில்கள் இருக்கும். அவை உதிராமல் அங்கேயே நிற்கும். இந்தக் காது மடலைப் பார்க்காமல் பூவைப் பறிக்காதீர்கள்.

2. ஆவாரை வேறு, நிலாவாரை வேறு. பெயர் ஒட்டியிருப்பதால் கடையிலும் வீட்டிலும் குழப்பம் நடக்கிறது. நிலாவாரை (நிலவாகை என்றும் சொல்வார்கள்) திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியாகப் பயிராகி, திருநெல்வேலியின் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற மூலிகை. அதன் இலையும் காயும் வலுவான பேதி மருந்து. சிற்றிலைகள் குறைவு, நுனி கூர்மை. ஆவாரை என்று நினைத்து நிலாவாரைப் பொடியைத் தினம் இரண்டு வேளை குடித்தால் வயிற்றுப்போக்கில் உடம்பின் உப்புச்சத்து இறங்கிவிடும். கடையில் கேட்கும்போது "ஆவாரம்பூ" என்று பூவையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள்.

3. பேயாவரை என்ற இன்னொரு மஞ்சள் பூச்செடி குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் வளரும். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வரும். அதன் விதை நஞ்சு; வட இந்தியாவில் அதைத் தின்ற சிறு குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் இது இருந்தால் காய்க்கும் முன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

4. நர்சரியில் ஆவாரங்கன்று எப்போதும் கிடைக்காது. விதை சேகரிப்பதுதான் எளிது. பொங்கல் சமயத்தில் ஊருக்குப் போகும்போது எந்தப் புதர் அடர்த்தியாகப் பூத்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி வாக்கில் திரும்பப் போனால் காய்கள் பழுப்பேறிச் சலசலக்கும். அப்போது பறித்து, உரித்து, பூச்சி துளைத்த விதைகளைத் தள்ளிவிட்டு, மீதியைக் காகித உறையில் போட்டு வையுங்கள். பச்சைக் காயைப் பறித்து உலர்த்தினால் விதை சுருங்கிப்போகும்.

5. ஆவாரை விதையின் தோல் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கை பொறுக்காத சூட்டில் இருக்கும் வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி, விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீர் வேண்டாம், விதை வெந்துவிடும். காலையில் ஊதிப் பெருத்த விதைகளை மட்டும் எடுத்து நடுங்கள். ஊதாமல் கிடப்பவற்றை உப்புத்தாளில் ஓரமாக இரண்டு தேய் தேய்த்து மறுபடி ஊறவைத்தால் அவையும் வழிக்கு வரும்.

6. நடுவதற்கு ஆடிப்பட்டம் நல்லது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களில் புரட்டாசிக் கடைசியிலும் போடலாம். ஒரு விரற்கட்டை ஆழத்துக்குமேல் புதைக்க வேண்டாம்.

7. தரையில் இடம் இருந்தால் தரையிலேயே நேரடியாக விதைப்பதுதான் சிறப்பு. ஆணிவேர் விறுவிறுவென்று கீழே இறங்கும் செடி இது. நாற்று பெரிதான பிறகு பிடுங்கி நட்டால் வாடும். பையில் நாற்று வளர்ப்பதாக இருந்தால் நாலைந்து இலை விட்டதுமே, மண்கட்டி உடையாமல் இடம் மாற்றிவிடுங்கள். செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேண்டும்.

8. மாடித் தோட்டத்திலும் ஆவாரை வரும். அகலமான தொட்டியைவிட ஆழமான தொட்டி அதற்கு உகந்தது; ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும். பழைய பெயின்ட் வாளியின் அடியில் நாலைந்து துளை போட்டும் வளர்க்கலாம், ஆனால் நன்றாகக் கழுவிய வாளியாக இருக்க வேண்டும். பெயின்ட் படிந்த வாளியில் வளர்த்த பூவைக் குடிக்கக் கூடாது. மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். தேங்காய் நார்க்கழிவை அதிகம் சேர்க்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆவாரைக்கு அது பகை.

9. நாளெல்லாம் வெயில் விழும் இடமே இதற்கு ஏற்றது. குறைந்தது ஆறு மணி நேர வெயில் இல்லாத பால்கனியில் இலை மட்டும் நீளமாக வரும், பூ வராது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் ஆவாரையை விட்டுவிட்டு, நிழல் தாங்கும் கற்பூரவல்லியை வைத்துக்கொள்வது மேல்.

10. ஆவாரையைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அல்ல, அன்பு. காலையும் மாலையும் குழாயைத் திறந்து ஊற்றினால் வேர் அழுகி, கீழிலை மஞ்சளாகி உதிர்ந்து, ஒரு நாள் செடி முழுதும் தலைசாயும். முளைத்த முதல் ஒன்றரை மாதம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தரைச் செடிக்கு வாரம் ஒரு முறை, அதுவும் கோடையில் மட்டும், வேர் நனைய ஊற்றினால் போதும். தொட்டியில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்; ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அடைமழை நாளில் தொட்டியடித் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள்.

11. உரம்? ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு கை தொழுவுரம். யூரியா போட்டால் இலை தழைக்கும், பூ குறையும்.

12. முதல் ஆண்டில் அங்கங்கே நாலு பூ பூக்கும், ஏமாற வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் செடி தன் குணத்தைக் காட்டும். பூ ஓய்ந்து காய் முற்றியதும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். புதுக் கிளையின் நுனியில்தான் கொத்துக் கொத்தாகப் பூ வரும். வெட்டாமல் விட்டால் ஆளுக்கு எட்டாத உயரத்தில் பூத்து, கீழே குச்சியாக நிற்கும். வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம், 25ஆம் குறிப்பில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

13. இலையைப் பச்சைப் புழு தின்றால் பதறாதீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கொன்றை, ஆவாரை இனத்துச் செடிகளில் முட்டையிடும். அவற்றின் புழுதான் அது. தொட்டியில் இளஞ்செடி என்றால் கையால் எடுத்துப் போடலாம். வளர்ந்த செடி என்றால் விட்டுவிடுங்கள், இலை திரும்ப வந்துவிடும். மாவுப்பூச்சியோ அசுவினியோ அப்பினால் மட்டும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த பின் ஒரு வாரம் பூப் பறிக்கக் கூடாது. கடைப் பூச்சிமருந்து அடித்தால் அந்தச் செடியை அழகுச் செடியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

14. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு "விர்ர்" என்று உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்து எடுக்கும். காலையில் கொஞ்ச நேரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். பூக்களில் பாதியையாவது அவற்றுக்கு விட்டுவிட வேண்டும். மொட்டையாகப் பறித்தால் காய் இல்லை. அடுத்த ஆண்டு உங்களுக்கு விதையும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, தக்காளி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. இந்த வண்டுகள் வந்து பழகினால் அந்தப் பூக்களிலும் இதே வேலையைச் செய்யும்.

15. பூப் பறிக்கும் நேரம், பனி உலர்ந்த பின், வெயில் ஏறும் முன். அன்றைக்கு மலர்ந்த பூவே போதும். பறித்ததை வெள்ளைத் துணியில் கொட்டி நிழலில் கால் மணி நேரம் வைத்தால் எறும்பும் சிறு வண்டும் தாமே வெளியேறும். பிறகு பச்சைப் புல்லி, காம்பு எல்லாம் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுத்தால் துவர்ப்பு குறைந்து வாய்க்கு இதமாக இருக்கும்.

16. வெளியிலிருந்து பறிப்பதானால் இடம் முக்கியம். நெடுஞ்சாலை ஓரம், தண்டவாள ஓரம், தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால், பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கிற வயலின் வரப்பு ஆகிய நான்கும் கூடாது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கட்டாகச் சந்தையில் விற்கிற ஆவாரம்பூவும் குடிக்க உகந்ததில்லை. அது எங்கெங்கோ வெட்டி, லாரியில் ஏறி, நடைபாதைப் புழுதியில் கிடந்து வருவது. கூரையிலும் மாட்டுத் தொழுவத்திலும் செருகுவதோடு அதன் வேலை முடிந்தது.

17. உலர்த்துவது நிழலில்தான். வெயிலில் போட்டால் ஒரே நாளில் மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, காற்றோட்டமான அறையில் மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள். தினம் ஒரு முறை புரட்டிவிடுங்கள். கார்த்திகை மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம். விரலால் நெரித்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

18. காய்ந்த பூவை முழுசாகக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, பறித்த மாதத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பொடி வேண்டுமென்றால் பதினைந்து நாளுக்கு ஆகும் அளவு மட்டும் அரையுங்கள். அரைத்து வைத்தது சீக்கிரம் வீரியம் இழக்கும், வண்டும் விழும்.

19. கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பொடியை வாங்காதீர்கள், முழுப் பூவாக வாங்குங்கள். பொடியில் இலையும் குச்சியும் கலந்திருக்கிறதா என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. காய்ந்த ஆவாரம்பூ மங்கலான, சற்றே பழுப்பேறிய மஞ்சளாகத்தான் இருக்கும். மஞ்சள்தூள்போல் பளிச்சென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

20. ஆவாரையில் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டால் அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீர் கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம்.

21. ஆவாரம்பூத் தேநீர் ஒருவருக்கு: பச்சைப் பூ என்றால் எட்டு முதல் பத்து, காய்ந்தது என்றால் ஒரு தேக்கரண்டி. ஒன்றரை டம்ளர் நீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராகும் வரை வைத்து வடிகட்டுங்கள். ஒரு துண்டு தட்டிய சுக்கும் ஒரு ஏலக்காயும் போட்டால் வாசம் கூடும். நிறம் இளம்பொன்னாக இருக்க வேண்டும். கரும்பழுப்பாகிவிட்டால் கொதி அதிகம், நாக்கு இழுக்கும். இலங்கையில் இதையே ரணவரா என்று சொல்லி, சிங்களவர்கள் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். அங்கே அது வெயில் நேரத்துக் களைப்புக்கான பானம்.

22. கருப்பட்டி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்க்காகக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதில் தேனும் பனங்கற்கண்டும் போட்டுக் கலக்கிறவர்கள் நிறைய. கருப்பட்டி, வெல்லம், தேன், பனங்கற்கண்டு எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். நோய் உள்ளவர்கள் இனிப்பில்லாமல் குடியுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

23. குடிப்பதைவிடச் சாப்பிடுவது எனக்கு உகந்த வழி. பூ உணவாகிறபோது அளவு தானாகவே கட்டுக்குள் இருக்கும். ஆவாரம்பூக் கூட்டுக்கு நாலு பேருக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு கைப்பிடி இதழ், பத்துச் சின்ன வெங்காயம். பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவையுங்கள், குழையக் கூடாது. வெங்காயத்தை நறுக்கி வதக்கி, இதழைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டினாலே சுருண்டுவிடும். அதைப் பருப்பில் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிப்பு. கடைசியில் உப்பு. இலேசான துவர்ப்பு இருக்கும், அது தேங்காயோடு நன்றாகச் சேரும். பிள்ளைகளுக்குத் துவர்ப்புப் பிடிக்காது என்றால் அடைமாவில் ஒரு கைப்பிடி இதழைக் கலந்து வார்த்துக் கொடுங்கள். முருங்கைக்கீரை அடை சாப்பிடுகிற பிள்ளை இதையும் சாப்பிடும். ரசத்தில் இறக்கும்போது நாலு பூ கிள்ளிப் போடலாம்.

24. குளியல் பொடி: காய்ந்த ஆவாரம்பூ 100 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ந்த ரோஜா இதழ் 50 கிராம், வெட்டிவேர் ஒரு கைப்பிடி. பெண்களுக்கு மட்டும் என்றால் கஸ்தூரி மஞ்சள் 25 கிராம் சேருங்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகக் காயவைத்து, வெட்டிவேரைக் கத்தரியால் சிறிதாக நறுக்கி, மாவு மில்லில் கொடுத்து அரையுங்கள். மிளகாய் அரைத்த உடனே அந்தக் கல்லில் கொடுத்துவிடாதீர்கள். பயறோ கோதுமையோ அரைத்த பிறகு கொடுங்கள். சல்லடையில் சலித்து எடுத்தால் தோலில் உரசாது. வியர்வை வாடைக்கும் வேனல் காலத்து நமைச்சலுக்கும் இது ஏற்றது என்று சித்த மருத்துவம் சொல்கிறது. வெயில் காலத்தில் சோப்பைவிடத் தோல் வறளாமல் இருப்பதை நீங்களே உணர்வீர்கள். முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். தடிப்பு வந்தால் வேண்டாம். கைக்குழந்தைக்கு இந்தப் பொடி தேவையே இல்லை.

தலைக்கு என்றால் வேறு செய்முறை. இரண்டு மேசைக்கரண்டி ஊறிய வெந்தயம், ஒரு கைப்பிடி ஆவாரம்பூ, ஐந்தாறு செம்பருத்தி இலை அரைத்துத் தலையில் தேய்த்து, இருபது நிமிடம் கழித்து அலசுங்கள். மழைக்காலத்தில், சளி பிடித்த நாளில் வேண்டாம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பூவை அரைத்துக்கொண்டிருக்காமல் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதியுங்கள்.

25. பட்டை: நம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது; தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்த பிறகுதான் அது விலகியது. அந்தத் துவர்ப்பே ஈறு தளர்ச்சிக்கும் வாய்ப்புண்ணுக்கும் உதவுகிறது. கவாத்து செய்த குச்சியின் பட்டையைச் சீவி, ஒரு தேக்கரண்டி எடுத்து இரண்டு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். இதற்காக உயிர்ச்செடியின் தண்டைச் சீவாதீர்கள். சுற்றிலும் பட்டை உரிந்த தண்டு பட்டுப்போகும்.

26. தழையையும் வீணாக்க வேண்டாம். உச்சிவெயிலில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வது பழைய வழக்கம். நெல் வயலுக்குத் தழையுரமாகவும் அதை மிதித்தார்கள். வீட்டில் கவாத்து செய்த தழையை மற்றத் தொட்டிகளுக்கு மூடாக்காகப் போடலாம்.

27. கண்ணுக்கு எதுவும் வேண்டாம். பூவை வதக்கிக் கண்ணில் கட்டுவது, கஷாயத்தால் கண் கழுவுவது என்று பழைய முறைகள் உண்டு. வீட்டில் வடித்த நீர் கிருமி நீங்கியது என்று சொல்ல முடியாது. கண்வலி வந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.

28. இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: ஆவாரம்பூ சர்க்கரை நோயைத் தீர்க்குமா? தீர்க்காது. சித்த மருத்துவத்தில் ஆவாரைக்குப் பெரிய இடம் உண்டு. பூ, இலை, பட்டை, வேர், காய் ஐந்தையும் ஆவாரைப் பஞ்சாங்கம் என்று சேர்த்துச் சொல்வார்கள். ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை முதலியன சேர்ந்த ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்குப் பூச்சாறு கொடுத்தபோது சர்க்கரை குறைந்தது. 2002இல் அது வெளிவந்தது. ஆனால் எலிக்குக் குறைந்தது என்பதை வைத்து உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரையை நிறுத்த முடியாது. ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவே கிடையாது என்ற பொருளில் வழங்குகிற பழமொழியை நம்பி இன்சுலினைக் கைவிட்டால், காலில் புண் ஆறாமல் விரலை எடுக்கிற நிலை வரும். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள். பூத்தேநீர் குடிப்பதாக இருந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து உண்டு. மாத்திரையோடு ஆவாரையும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஆவாரம்பூத் தேநீர் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

29. மற்ற மருந்துகளோடும் கவனம் தேவை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசபைன் மாத்திரையோடு ஆவாரைத் தேநீர் சேர்ந்தபோது இரத்தத்தில் மருந்தின் அளவு கூடியதை இலங்கை ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். 2004இல் வெளியான ஆய்வு அது. வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆவாரைப் பக்கம் போகவே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இந்தத் தேநீரைத் தவிர்க்க வேண்டும். துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளையில் குடிக்கச் சொல்வதும் இதனால்தான்.

30. யாருக்குக் கூடாது: கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள். மற்றவர்களும் ஆண்டு முழுக்கத் தினம் குடிக்க வேண்டாம். ஆவாரையில் கல்லீரலுக்கு ஒவ்வாத ஆல்கலாய்டுகள் இருப்பதாக இலங்கையில் 1981இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், மாதத்தில் ஒரு வாரம் முழு இடைவெளி என்று வைத்துக்கொள்வது என் கணக்கு. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, வாந்தி உணர்வு என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதிகம் குடித்தால் அதிகம் பலன் என்று எண்ணிக் கஷாயத்தைச் சொம்பு சொம்பாகக் குடிப்பதுதான் ஆவாரைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதி.

31. ஆவாரை நமக்குப் புதுச்செடி இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. மடலேறும் தலைவன் எருக்கோடும் பூளையோடும் சேர்த்துச் சூடியதும் இதைத்தான். தெலங்கானாவில் தங்கேடு என்ற பெயரில் இதுவே மாநிலப் பூ. பதுகம்மா விழாவில் பெண்கள் பூ அடுக்குவதற்கு முதலில் தேடுவது இந்த மஞ்சளை. நம் ஊரில் மனைப்பிரிவு போட நிலத்தைச் சமப்படுத்தும்போது ஜேசிபி முதலில் தள்ளுவதும் இந்தப் புதர்களைத்தான். உங்கள் வீட்டு ஒரு செடியில் உங்களுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு விதை கிடைக்கும். ஊரில் வேலி ஓரம், கோயில் நந்தவனம், பள்ளிக்கூட மைதானத்து எல்லை எங்கே இடம் இருந்தாலும், உரியவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தூவுங்கள். ஆடு மாடு இதில் அவ்வளவாக வாய் வைக்காது என்பதால் காவல் வேண்டியதில்லை. பங்குனி முடிவதற்குள் விதையைச் சேர்த்து வைத்துவிட்டால் வருகிற ஆடிக்குத் தயாராக இருக்கலாம்.